யூஎஸ்பி மொபைல் பிராட்பேண்ட் மோடத்துக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுவது: முழுமையான வழிகாட்டி

மோடம் என்று நாம் சொல்லும் அந்தச் சிறிய பலகைக்குள் ஒரு முழுக் கணினியே ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் தனிப் பிராசஸர் உண்டு, தனி இயங்குதளம் உண்டு, சிம் கார்டோடும் செல் கோபுரத்தோடும் தனிப் பேச்சும் உண்டு. டிரைவர் எழுத உட்காருகிறவர்கள் இதை மறந்துவிட்டு சிம்மின் பின் எண், ஏபிஎன் (நெட்வொர்க்கின் நுழைவுப் பெயர்), ரோமிங், சிக்னல் அளவு எல்லாவற்றையும் கர்னலுக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். வேலை கெட்டுப்போவது அங்கேதான். கர்னல் டிரைவருக்கு இரண்டே பொறுப்புகள். கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பதிலை வாங்கி வருவது ஒன்று. ஐபி பாக்கெட்டுகளைக் கட்டாகக் கட்டி அனுப்புவதும் வந்த கட்டைப் பிரிப்பதும் இன்னொன்று. மற்றதெல்லாம் யூசர்ஸ்பேஸின், அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் நிரல்களின் பாடு. இந்த எல்லையை முதல் நாளே வரைந்துகொண்டால் டிரைவர் சில நூறு வரிகளில் முடியும்.

இங்கே எடுத்துக்கொள்வது யூஎஸ்பி வழியாக எம்பிஐஎம் (மொபைல் பிராட்பேண்ட் இன்டர்ஃபேஸ் மாடல்) நெறிமுறை பேசும் மோடம். யூஎஸ்பி அமைப்பு 2011-இல் வெளியிட்ட இந்த நெறிமுறையின் 1.0 பதிப்புக்கு 2013-இல் திருத்தம் வந்தது. சி மொழியும், யூஆர்பி என்றால் என்ன என்பதும், கர்னல் மாட்யூலைக் கம்பைல் செய்து ஏற்றும் முறையும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

படி 1: எழுதத்தான் வேண்டுமா என்று பாருங்கள்

லினக்ஸ் கர்னலில் க்யூஎம்ஐ (குவால்காம் சிப்களின் நெறிமுறை) பேசும் மோடங்களுக்கான டிரைவர் 3.4 பதிப்பிலும் (2012), எம்பிஐஎம் மோடங்களுக்கான டிரைவர் 3.8 பதிப்பிலும் (2013) சேர்ந்துவிட்டன. சீரியல் போர்ட்டாகத் தோன்றும் மோடங்களுக்கு 'ஆப்ஷன்' டிரைவரும் சிடிசி-ஏசிஎம் டிரைவரும் இருக்கின்றன. பிசிஐஇ வழியாக இணையும் மோடங்களுக்கென்று 5.13 பதிப்பில் (2021) டபிள்யூவான் என்ற தனி அடுக்கு வந்தது. இன்டெலின் எம்.2 மோடம் டிரைவர் 5.14-இலும், மீடியாடெக்கின் டி7எக்ஸ்எக்ஸ் டிரைவர் 5.19-இலும் அந்த அடுக்கின் மேல் கட்டப்பட்டவை. விண்டோஸிலும் இதே கதைதான்: விண்டோஸ் 8 முதல் எம்பிஐஎம் டிரைவர் இயங்குதளத்தோடேயே வருகிறது.

எம்பிஐஎம் டிரைவர் சாதனத்தின் அடையாள எண்ணைப் பார்த்து ஒட்டிக்கொள்வதில்லை, இன்டர்ஃபேஸின் வகுப்பைப் பார்த்தே ஒட்டிக்கொள்கிறது. ஆகவே உங்கள் மோடம் விதிப்படி நடந்தால் ஒரு வரிகூட எழுத வேண்டாம். சீரியல், க்யூஎம்ஐ மோடங்களுக்குப் பெரும்பாலும் அடையாள அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். அதையும் கம்பைல் செய்யாமலே சோதிக்கலாம். சிஸ்எஃப்எஸ்-இல் (கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) அந்த டிரைவரின் கோப்புறையில் இருக்கும் 'நியூ-ஐடி' கோப்பில் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் எழுதினால் டிரைவர் அப்போதே ஒட்டிப் பார்க்கும்.

புதிதாக எழுத நியாயமான காரணங்கள் இரண்டு: ஃபர்ம்வேர் விதியை மீறுகிறது, அல்லது நெறிமுறையே வேறு. முதல் காரணத்துக்கும் தனி டிரைவர் எழுதுவதைவிட, இருக்கும் டிரைவரில் அந்தச் சாதனத்துக்கு மட்டும் ஒரு விலக்குக் கொடி சேர்ப்பதே நல்லது. அப்படிச் சேர்க்கவும், கீழே உள்ள ஒவ்வொரு படியும் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: டிஸ்க்ரிப்டர்களை எழுத்துவிடாமல் படியுங்கள்

டிஸ்க்ரிப்டர் என்பது சாதனம் தன்னைப் பற்றித் தரும் விவரப் பட்டியல். மோடத்தைச் செருகி, யூஎஸ்பி பட்டியல் கருவியின் விரிவான வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, வந்திருப்பது மோடம்தானா என்பதை. பல டாங்கிள்கள் முதலில் சிடி-ராம் வேடத்தில் வரும், விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட ஸ்கஸி கட்டளை போனபிறகே இணைப்பைத் துண்டித்துக்கொண்டு மோடமாக மறுபடி தோன்றும். இந்த மாற்றத்தைச் செய்ய யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற யூசர்ஸ்பேஸ் கருவி இருக்கிறது. டிரைவருக்குள் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, எத்தனை கான்ஃபிகரேஷன்கள் இருக்கின்றன என்பது. ஒன்றில் சீரியல் போர்ட்டுகளும் இன்னொன்றில் எம்பிஐஎம்மும் இருக்கலாம். உங்கள் டிரைவரின் ப்ரோப் (சாதனத்தோடு ஒட்டும்போது கர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) அழைக்கப்படவே இல்லை என்றால், கர்னல் வேறு கான்ஃபிகரேஷனைத் தேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். யூடெவ் விதி ஒன்றால் இதை மாற்றலாம்.

பிறகு எம்பிஐஎம் இன்டர்ஃபேஸ்களைத் தேடுங்கள். எண்களைப் பதின்மத்திலேயே தருகிறோம்:

- கட்டுப்பாட்டு இன்டர்ஃபேஸ்: வகுப்பு 2, துணை வகுப்பு 14, நெறிமுறை 0. ஒரு இன்டரப்ட் எண்ட்பாயின்ட் (அறிவிப்புகள் வரும் யூஎஸ்பி வழி) இருக்கும்.
- டேட்டா இன்டர்ஃபேஸ்: வகுப்பு 10, துணை வகுப்பு 0, நெறிமுறை 2. இதற்கு இரண்டு மாற்று அமைப்புகள். 0-வது அமைப்பில் எண்ட்பாயின்ட் எதுவும் கிடையாது, 1-வது அமைப்பில் உள்வரும் பல்க், வெளிச்செல்லும் பல்க் என்று இரண்டு.

எந்தக் கட்டுப்பாட்டுக்கு எந்த டேட்டா என்பதை யூனியன் டிஸ்க்ரிப்டர் சொல்லும். அடுத்தடுத்த எண்ணாகத்தான் இருக்கும் என்று ஊகிக்காதீர்கள். சில சாதனங்கள் ஒரே இன்டர்ஃபேஸில் என்சிஎம் (எம்பிஐஎம்முக்கு அடிப்படையான யூஎஸ்பி நெட்வொர்க் நெறிமுறை), எம்பிஐஎம் இரண்டையும் தரும். அப்போது கட்டுப்பாட்டு இன்டர்ஃபேஸின் 1-வது மாற்று அமைப்பும், டேட்டா இன்டர்ஃபேஸின் 2-வது மாற்று அமைப்பும் எம்பிஐஎம்முக்கு உரியவை.

எம்பிஐஎம் செயல்பாட்டு டிஸ்க்ரிப்டரின் துணை வகை எண் 27, நீளம் 12 பைட். அதில் உடனே தேவைப்படுவது 6, 7-ஆம் பைட்டுகளில் உள்ள அதிகபட்சக் கட்டுப்பாட்டுச் செய்தி அளவு. பல மோடங்களில் இது 4096 ஆக இருக்கும். கட்டுப்பாட்டு வழியின் பஃபர் அளவு இதுதான், நீங்களாக ஒரு எண்ணை எழுதிவைக்காதீர்கள். 10, 11-ஆம் பைட்டுகள் ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைச் சொல்லும்.

படி 3: கட்டுப்பாட்டு வழி

யூசர்ஸ்பேஸ் ஒரு கேரக்டர் சாதனக் கோப்பில் எழுதும். டிரைவர் அதை அப்படியே எடுத்து, கட்டுப்பாட்டு எண்ட்பாயின்ட் வழியாகக் கோரிக்கை எண் 0-ஆக அனுப்பும். மோடம் பதிலைத் தயார்செய்ததும் இன்டரப்ட் எண்ட்பாயின்டில் 8 பைட் அறிவிப்பு வரும். அறிவிப்பைக் கண்டதும் கோரிக்கை எண் 1-ஐ அனுப்பிப் பதிலை வாங்க வேண்டும். வாங்கியதை, கோப்பில் வாசிக்கக் காத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். கர்னலில் ஏற்கெனவே இருக்கும் சிடிசி-டபிள்யூடிஎம் மாட்யூல் இவ்வளவையும் செய்கிறது. உங்கள் பைண்ட் ஃபங்ஷனில் அதன் பதிவு ஃபங்ஷனை அழைத்து இன்டர்ஃபேஸ், இன்டரப்ட் எண்ட்பாயின்ட், பஃபர் அளவு, மின்மேலாண்மைக்கான கால்பேக் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். இந்தப் பகுதியைத் தாமாக எழுதுகிறவர்கள் பழைய தவறுகளையே திரும்பச் செய்கிறார்கள்.

அந்தத் தவறுகளில் ஒன்று அறிவிப்புகளை எண்ணாமல் விடுவது. ஒரு பதிலை வாங்கிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அறிவிப்பு வரலாம். 'ஏற்கெனவே வாசிப்பு நடக்கிறது' என்று அதைத் தள்ளிவிட்டால் ஒரு பதில் மோடத்திலேயே தங்கிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் முந்தைய கேள்வியின் பதில் வரும். யூசர்ஸ்பேஸ் பரிவர்த்தனை எண் பொருந்தவில்லை என்று காத்திருந்து நேரம் கடந்து விழும். ஒரு கவுண்டரை வைத்து, அறிவிப்புக்கு ஒன்று ஏற்றி, வாசிப்புக்கு ஒன்று இறக்கி, பூஜ்யம் ஆகும்வரை வாசியுங்கள்.

இன்னொன்று பஃபரை ஸ்டாக்கில் வைப்பது. யூஎஸ்பிக்குப் போகும் எந்தப் பஃபரும் டிஎம்ஏவுக்கு ஏற்ற நினைவகத்தில், அதாவது கேமல்லாக்கில் எடுத்ததாக இருக்க வேண்டும். 8 பைட்தானே என்று ஸ்டாக்கில் வைத்தால் சில கணினிகளில் ஓடும், சிலவற்றில் குப்பை வரும். ஸ்டாக்கை மெய்நிகர் நினைவகத்தில் வைக்கும் இப்போதைய கர்னல்களில் எச்சரிக்கையோடு நின்றுவிடும்.

வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்க 16 பைட் திறப்புச் செய்தி போதும். பதினறும எண்ணில் அது இப்படி இருக்கும்:

01 00 00 00 | 10 00 00 00 | 01 00 00 00 | 00 10 00 00

முதல் நான்கு பைட் செய்தி வகை, அடுத்தவை மொத்த நீளம் (16), பிறகு பரிவர்த்தனை எண் (1), கடைசியாக நாம் தாங்கும் அதிகபட்ச அளவு (4096). எல்லாம் சிறு பைட் முதலில் வரும் வரிசை. சரியான பதில்:

01 00 00 80 | 10 00 00 00 | 01 00 00 00 | 00 00 00 00

செய்தி வகையின் கடைசிப் பைட்டில் 80 வந்தால் அது மோடம் பக்கத்துச் செய்தி. கடைசி நான்கு பைட் நிலை, பூஜ்யம் என்றால் வெற்றி. இந்தப் பதில் வந்துவிட்டால் கட்டுப்பாட்டு வழி பாதி வென்றதாகக் கொள்ளலாம்.

இதற்குப் பிறகு வரும் கட்டளைச் செய்திகளுக்கு 48 பைட் தலைப்பு: 12 பைட் பொதுத் தலைப்பு, 8 பைட் துண்டுத் தலைப்பு, 16 பைட் சேவை அடையாளம், கட்டளை எண், கேள்வியா அமைப்பா என்ற குறி, உள்ளடக்க நீளம். சேவை அடையாளமான யூயூஐடி மட்டும் பெரிய பைட் முதலில் வரும் வரிசையில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதிரி புரட்டிப்போட்டு, 'இந்தச் சேவை இல்லை' என்ற பதிலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவது வழக்கமாக நடக்கிறது. எழுத்துச் சரங்கள் யூடிஎஃப்-16. சரங்களின் இடக்குறிப்புகள் செய்தியின் தொடக்கத்திலிருந்து அல்ல, உள்ளடக்கப் பகுதியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். பரிவர்த்தனை எண் 0 என்றால் அது யாரும் கேட்காமல் மோடமாக அனுப்பிய அறிவிப்பு. எனவே உங்கள் கேள்விகளுக்கு 0 வைக்காதீர்கள்.

இந்தச் செய்திகளைக் கட்டுவதும் பிரிப்பதும் யூசர்ஸ்பேஸில் லிப்எம்பிஐஎம், மோடம்மேனேஜர் ஆகியவற்றின் வேலை. டிரைவர் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் சுமக்க வேண்டும். ஆனாலும் தலைப்பின் அமைப்பு உங்களுக்கு மனப்பாடமாக இருந்தால், பிழை தேடும்போது யூஎஸ்பி பதிவைக் கண்ணாலேயே படித்துவிடலாம்.

படி 4: டேட்டா வழியைத் திறக்கும் வரிசை

இங்கே வரிசை மாறினால் எல்லாம் சரியாகத் தெரியும், பாக்கெட் மட்டும் ஓடாது.

1. டேட்டா இன்டர்ஃபேஸை 0-வது மாற்று அமைப்பில் வையுங்கள்.
2. கோரிக்கை எண் 128-ஐ அனுப்பி 28 பைட் அளவுருப் பட்டியலை வாங்குங்கள். உள்வரும் கட்டின் அதிகபட்ச அளவு, வெளிச்செல்லும் கட்டின் அதிகபட்ச அளவு, ஒழுங்கமைப்பு எண்கள் (பாக்கெட் எந்த இடத்தில் தொடங்கலாம் என்பதைச் சொல்லும் வகுத்தியும் மீதியும்), ஒரு கட்டில் எத்தனை பாக்கெட் வரை வைக்கலாம் என்பவை இதில் இருக்கும்.
3. மோடம் 16-பிட், 32-பிட் இரண்டு வடிவமும் தந்தால் கோரிக்கை எண் 132-ஆல் 16-பிட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள்.
4. உள்வரும் அளவைக் குறைக்க விரும்பினால் கோரிக்கை எண் 134-ஆல் அறிவியுங்கள். மோடம் 128 கிலோபைட் கேட்டாலும் 16 கிலோபைட்டில் தொடங்குவது நல்லது. பெரிய தொடர் நினைவகம் நீண்டநேரம் ஓடிய கணினியில் எளிதில் கிடைக்காது.
5. 10 முதல் 20 மில்லிவினாடி பொறுத்திருங்கள்.
6. 1-வது மாற்று அமைப்புக்கு மாறுங்கள். அதன் பிறகுதான் பல்க் எண்ட்பாயின்டுகள் கண்ணில் படும்.

இந்த வரிசையில் ஐந்தாவதாக வரும் காத்திருப்பு எந்த விதிநூலிலும் இல்லை. சில ஃபர்ம்வேர்கள் அந்த இடைவெளி இல்லாவிட்டால் பிழை எதுவும் சொல்லாமலே இன்டர்ஃபேஸை அரைகுறையாக விட்டுவிடும். கர்னலில் உள்ள என்சிஎம் குறிநிரலும் இதற்காகவே அந்த இடத்தில் காத்திருக்கிறது. நேர்மாறாக, 0-க்கும் 1-க்கும் மாற்றி மாற்றி வைத்தாலே நின்றுபோகும் சாதனங்களும் உண்டு. அவற்றுக்கு ஒரு விலக்குக் கொடி வைத்து மாற்றத்தைத் தவிர்க்க வேண்டும்.

மோடம் தரும் அளவுருக்களை அப்படியே நம்பாதீர்கள். ஒழுங்கமைப்பு எண் 2-இன் அடுக்காக இருக்கிறதா, 4-க்குக் குறையாமல் இருக்கிறதா, வெளிச்செல்லும் அளவு ஒரு பாக்கெட்டாவது கொள்ளுமா என்று பாருங்கள். தவறாக இருந்தால் பாதுகாப்பான மதிப்பை நீங்களே வைத்துக்கொண்டு கர்னல் பதிவில் ஒரு வரி எழுதுங்கள்.

படி 5: வந்த கட்டைப் பிரிப்பது

டிரைவரில் மிக அதிகக் கவனம் வேண்டிய பகுதி இதுதான். மோடம் பாக்கெட்டுகளைத் தனித்தனியாக அனுப்புவதில்லை, என்டிபி என்ற கட்டாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு 16-பிட் கட்டை விரித்துப் பார்ப்போம். உள்ளே 84 பைட் பிங் பதில் ஒன்று, 52 பைட் டிசிபி ஒப்புகை ஒன்று.

- 0 முதல் 11 வரை: கட்டின் தலைப்பு. முதல் நான்கு பைட் 'என்', 'சி', 'எம்', 'ஹெச்' எழுத்துகள். பிறகு தலைப்பு நீளம் 12, வரிசை எண், கட்டின் மொத்த நீளம் 168, சுட்டி அட்டவணை இருக்கும் இடம் 12. இவை நான்கும் இரண்டிரண்டு பைட்.
- 12 முதல் 31 வரை: சுட்டி அட்டவணை. முதல் மூன்று பைட் 'ஐ', 'பி', 'எஸ்' எழுத்துகள், நான்காவது பைட் செஷன் எண். அட்டவணை நீளம் 20, அடுத்த அட்டவணை இருக்கும் இடம் 0. பிறகு இரட்டைகள்: இடம் 32, நீளம் 84, இடம் 116, நீளம் 52, முடிவைக் காட்ட 0, 0.
- 32 முதல் 115 வரை: முதல் பாக்கெட்.
- 116 முதல் 167 வரை: இரண்டாம் பாக்கெட்.

இதைப் பிரிக்கும் குறிநிரல் நாற்பது வரிகூட வராது. ஆனால் ஒவ்வொரு எண்ணும் வெளியிலிருந்து வருகிறது. மோடத்தின் ஃபர்ம்வேரில் பிழை இருக்கலாம், அல்லது யாரோ வேண்டுமென்றே செய்த போலி யூஎஸ்பி சாதனமாகவும் இருக்கலாம். எனவே வந்த பைட்டுகள் 12-க்குக் குறைவு என்றால் தூக்கிப்போடுங்கள். கையெழுத்து எழுத்துகள் பொருந்தவில்லை என்றாலும் அப்படியே. கட்டின் நீளம் உண்மையில் வந்ததைவிட அதிகம் என்று சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம் நீளம் 0 என்று வந்தால் அது பிழை அல்ல, குறும்பாக்கெட்டோடு (முழு அளவுக்குக் குறைந்த யூஎஸ்பி பாக்கெட்) கட்டு முடிகிறது என்று பொருள். அட்டவணையின் நீளம் 16-க்குக் குறையக் கூடாது, ஏனென்றால் 8 பைட் தலைப்பும், ஒரு இரட்டையும், முடிவு இரட்டையும் சேர்ந்தாலே 16 ஆகிவிடும்.

அடுத்த அட்டவணையைக் காட்டும் எண்ணில்தான் பெரிய ஆபத்து. ஓர் அட்டவணை தன்னையே அடுத்ததாகக் காட்டினால் உங்கள் லூப் முடிவே இல்லாமல் சுற்றும், ஒரு சிபியூ கோர் அங்கேயே உறைந்துவிடும். சுற்றுகளுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். கர்னலின் என்சிஎம் டிரைவரில் அது 50. பாக்கெட்டின் இடத்தையும் நீளத்தையும் கூட்டி எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும்போது, 16-பிட் எண்களை 32-பிட் மாறியில் கூட்டுங்கள். 32-பிட் கட்டு என்றால் கூட்டலே வழிந்து சிறிய எண்ணாகிவிடும். அங்கே கூட்டாமல், 'மொத்தத்திலிருந்து இடத்தைக் கழித்தால் மிஞ்சுவது நீளத்துக்குப் போதுமா' என்று கழித்துப் பாருங்கள்.

பிரித்த பாக்கெட்டை மேலே அனுப்புவதில் ஒரு நுட்பம் உண்டு. நகலெடுக்காமல் கட்டின் பஃபரையே குளோன் செய்து அனுப்பினால் வேகமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் 52 பைட் ஒப்புகை ஒன்று 16 கிலோபைட் பஃபரைப் பிடித்துவைத்திருக்கும். கர்னலின் டிசிபி அந்தப் பாக்கெட் அவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று கணக்கிட்டு, பெறும் சாளரத்தைச் சுருக்கிவிடும். பதிவிறக்கம் காரணம் தெரியாமல் மெதுவாகும். புதிய சிறிய பஃபர் எடுத்து நகலெடுங்கள். இந்த இடத்தில் நகலெடுப்பதுதான் வேகம்.

படி 6: அனுப்பும் பக்கம்

ஒவ்வொரு பாக்கெட்டையும் வந்தவுடன் தனிக்கட்டாக அனுப்பினால் யூஎஸ்பி பரிமாற்றங்களின் எண்ணிக்கை கூடிச் சிபியூ திணறும். கட்டு நிரம்பும்வரை காத்திருந்தால் தாமதம் கூடும். கர்னலின் என்சிஎம் குறிநிரல் நடுவழியில் போகிறது: முதல் பாக்கெட் வந்ததும் நுண்டைமர் ஒன்றைத் தொடங்கி, சில நூறு மைக்ரோவினாடிக்குள் வேறு பாக்கெட் வந்தால் சேர்த்துக்கொள்கிறது, வராவிட்டால் இருப்பதை அனுப்பிவிடுகிறது. முன்னிருப்பு 400 மைக்ரோவினாடி. சிஸ்எஃப்எஸ்-இல் இதை மாற்றிப் பார்க்கலாம். பிங் நேரமே முக்கியம் என்றால் குறையுங்கள்.

கட்டும்போது அளவுருப் பட்டியலில் வந்த வகுத்தியும் மீதியும் கடைப்பிடிக்கப்பட வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் 32, 116 இரண்டும் 4-ஆல் மீதியின்றி வகுபடுவது தற்செயல் அல்ல. சுட்டி அட்டவணை கட்டின் எந்த இடத்திலும் இருக்கலாம் என்பதே விதி. ஆனாலும் அட்டவணை கடைசியில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளும் ஃபர்ம்வேர்கள் இருக்கின்றன. அனுப்பியவை எல்லாம் வெற்றி என்று யூஆர்பி சொல்லி, பதில் மட்டும் வராமல் இருந்தால் அட்டவணையின் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

அடுத்தது பூஜ்ய நீளப் பாக்கெட். அதிவேக யூஎஸ்பியில் பல்க் பாக்கெட்டின் அளவு 512 பைட். உங்கள் கட்டு 512-இன் மடங்காக இருந்து, அதிகபட்ச அளவைவிடக் குறைவாகவும் இருந்தால், கட்டு முடிந்தது என்று மோடத்துக்குத் தெரியாது. மேலும் வரும் என்று காத்திருக்கும். அப்போது நீளம் 0 உள்ள பாக்கெட் ஒன்றைப் பின்னால் அனுப்ப வேண்டும், அல்லது கட்டில் ஒரு பைட் கூட்டி மடங்காகாமல் செய்ய வேண்டும். கட்டு சரியாக அதிகபட்ச அளவில் இருந்தால் விதிப்படி பூஜ்யப் பாக்கெட் தேவையில்லை. அதையும் எதிர்பார்க்கும் மோடங்களுக்குக் கொடி வைக்க வேண்டும். சில அளவு கோப்புகள் மட்டும் பதிவேற்றத்தில் தொங்குகின்றன என்ற புகார் வந்தால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 7: நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்

எம்பிஐஎம் வழியில் வருவது வெறும் ஐபி பாக்கெட், ஈதர்நெட் தலைப்பு இல்லை. யூஎஸ்பிநெட் அடுக்கோ ஈதர்நெட்டை எதிர்பார்க்கும். எனவே வந்த பாக்கெட்டின் முதல் பைட்டின் மேல் நான்கு பிட்டைப் பாருங்கள்: 4 என்றால் ஐபிவி4, 6 என்றால் ஐபிவி6. அதற்கேற்ற 14 பைட் தலைப்பை நீங்களே முன்னால் வையுங்கள், போகும்போது கழற்றிவிடுங்கள். ஏஆர்பிக்கு (ஈதர்நெட் முகவரியைத் தேடும் நெறிமுறை) இங்கே வேலை இல்லை, அதை நிறுத்தும் கொடியைப் போட்டுவிடுங்கள்.

ஏஆர்பியை நிறுத்தினால் ஐபிவி6-இல் ஒரு பக்கவிளைவு வரும். சில மோடங்கள் இணைப்புக் கிடைத்ததும் நம் பக்கம் அண்டை முகவரித் தேடல் செய்தி அனுப்பிப் பதிலை எதிர்பார்க்கும். கர்னல் அந்தக் கொடியைப் பார்த்து மௌனமாக இருக்கும். ஐபிவி4 ஓடும், ஐபிவி6 சில நிமிடங்களில் நின்றுபோகும். எம்பிஐஎம் டிரைவர் அந்தச் செய்தியைத் தானே அடையாளம் கண்டு பதில் தயாரித்து அனுப்புகிறது. நீங்கள் தனியாக எழுதினால் இதை மறக்காதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட ஏபிஎன்களுக்குச் செஷன் எண் பயன்படும். லினக்ஸில் செஷன் 0 சாதாரணமாகவும், மற்றவை விலான் (மெய்நிகர் லேன்) எண்களாகவும் வருகின்றன. இன்டர்ஃபேஸ் தோன்றியதாலேயே இணைப்பு வந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். மோடம் உண்மையில் இணைந்ததா என்பது யூசர்ஸ்பேஸ் படிக்கும் கட்டுப்பாட்டுச் செய்திகளில்தான் தெரியும்.

படி 8: உறக்கமும் விழிப்பும்

உறங்கும்போது முதலில் டேட்டா வழியையும் பிறகு கட்டுப்பாட்டு வழியையும் நிறுத்துங்கள். இரண்டாவது தோற்றால் முதலாவதை மறுபடி எழுப்பிவிட்டுப் பிழையைத் திருப்புங்கள். பாதி உறங்கிய டிரைவரைவிட மோசமானது இல்லை. விழிக்கும்போது இன்டரப்ட் யூஆர்பியை மறுபடி அனுப்ப மறந்தால் நெட் ஓடிக்கொண்டே இருக்கும், சிக்னல் அளவு மட்டும் பழையதாகவே நிற்கும்.

தானியங்கி உறக்கம் வேண்டுமென்றால் தொலைவிழிப்பு (மோடமே கணினியை எழுப்பும் வசதி) கட்டாயம். சாதனக் கோப்பு திறந்திருக்கும்வரை தொலைவிழிப்புக் கொடி இருக்க வேண்டும். மோடம் நொடிக்கொரு முறை சிக்னல் அறிவிப்பு அனுப்பினால் உறக்கமே கூடாது. அதைக் குறைக்க எந்த அறிவிப்புகள் வேண்டும் என்று மோடத்துக்குச் சொல்லும் கட்டளை அடிப்படைச் சேவையில் இருக்கிறது (எண் 19), அனுப்புவது யூசர்ஸ்பேஸ். மடிக்கணினி ஆழ்ந்து உறங்கும்போது யூஎஸ்பிக்கு மின்சாரமே நின்றுவிட்டால், விழித்தபின் மோடம் எல்லாவற்றையும் மறந்திருக்கும். ஒன்றும் நடக்காதது போல் தொடராமல், கோப்பில் காத்திருப்பவருக்குப் பிழை கொடுங்கள், அது மறுபடி திறந்துகொள்ளும்.

படி 9: பிடுங்கும்போது

வேகச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடம் பிடுங்கப்படும். அப்போது சாதனக் கோப்பைத் திறந்துவைத்திருக்கும் நிரல் இன்னும் உயிரோடு இருக்கும். லாக்கைப் பிடித்துக்கொண்டு 'துண்டிக்கப்பட்டது' என்ற கொடியைப் போடுங்கள். காத்திருக்கும் எல்லோரையும் எழுப்புங்கள், அவர்கள் 'சாதனம் இல்லை' என்ற பிழையோடு திரும்புவார்கள். பிறகு யூஆர்பிகளைக் கொல்லுங்கள். அதன்பின் வொர்க்குகளையும் டைமரையும் ரத்து செய்யுங்கள். கடைசியில்தான் நினைவகத்தை விடுவியுங்கள், அதுவும் கோப்பின் கடைசிக் குறிப்பு போனபிறகு.

யூஆர்பியைக் கொல்வதற்கு முன் வொர்க்கை ரத்து செய்தால், இடையில் முடிந்த ஒரு யூஆர்பி அதே வொர்க்கை மறுபடி வரிசையில் போட்டுவிடும். அது ஓடும்போது நினைவகம் இருக்காது. அதேபோல், யூஆர்பியை 'அன்லிங்க்' செய்வது விண்ணப்பம் மட்டும், முடியும்வரை காத்திருக்காது. 'கில்' செய்தால்தான் காத்திருக்கும்.

படி 10: சோதனை

யூஎஸ்பிமான் வழியாக வயர்ஷார்க்கில் பதிவெடுத்துப் பழகுங்கள். டிரைவர் சொல்வதையும் கம்பியில் போனதையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பதற்கு ஈடு இல்லை. பிறகு நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசன், லாக் வரிசையைப் பார்க்கும் லாக்டெப் இரண்டையும் இயக்கிய கர்னலில், பதிவிறக்கம் ஓடும்போது நூறு முறை துண்டித்து இணையுங்கள், ஐம்பது முறை உறங்கவைத்து எழுப்புங்கள். கையால் பிடுங்கத் தேவையில்லை, சிஸ்எஃப்எஸ்-இல் சாதனத்தின் அனுமதிக் கோப்பில் 0, 1 என்று மாற்றி எழுதினாலும் கான்ஃபிகரேஷன் போய்வரும். கெட்ட கட்டுகளை அனுப்பிப் பார்க்க உண்மையான மோடம் ஒத்துழைக்காது. கர்னலின் டம்மி-ஹெச்சிடியும், 5.7 பதிப்பில் வந்த ரா கேஜட்டும் இருந்தால் ஒரே கணினியில் போலி மோடத்தை உருவாக்கி, தன்னையே சுட்டும் அட்டவணை, எல்லை தாண்டும் நீளம் எல்லாவற்றையும் டிரைவருக்கு ஊட்டலாம்.

ஒன்றை மட்டும் டிரைவரில் தேடி நாளை வீணாக்காதீர்கள். மோடம் சரியாக நெட்வொர்க்கில் பதிவாகும் நொடியிலோ பதிவேற்றம் தொடங்கும் நொடியிலோ யூஎஸ்பியிலிருந்து காணாமல் போய் மறுபடி தோன்றினால், அது பெரும்பாலும் மின்சாரக் குறை. யூஎஸ்பி 2.0 போர்ட் உறுதி தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 தருவது 900. ரேடியோ முழு வலுவில் ஒலிபரப்பும்போது நொடியின் ஒரு துணுக்கில் அதைத் தாண்டி இழுக்கும். தனி மின்சாரம் உள்ள ஹப்பிலோ, குட்டையான தடித்த கேபிளிலோ போட்டு அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். பிரச்சினை மறைந்தால் குறிநிரலைத் தொட வேண்டியதில்லை.